யோகம் பயிற்றிய ஆசான் சுவாமி குவலயானந்தர்

நுழையும் முன்

கல்வி கற்பதற்கும் உடலைப் பேணுவதற்கும் இளமையே ஏற்ற பருவம் என்று பலர் எண்ணுகின்றனர். முப்பத்தைந்து வயதைக் கடந்தபின் ஒரு குருவின் முன் மீண்டும் மாணவராக அமர்ந்து, நாற்பத்தொன்றாம் வயதில் யோகக் கல்விக்கும் ஆய்வுக்கும் ஒரு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் சுவாமி குவலயானந்தர். அவரது வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பிறப்பும் கல்வியும்

குஜராத்தில் பரோடா நகருக்கு அருகில் உள்ளது தபோய் என்னும் ஊர். அங்கு 1883ஆம் ஆண்டு ஆகஸ்ட் 30ஆம் நாள், மராத்தி பேசும் குடும்பம் ஒன்றில் ஜகந்நாத் கணேஷ் குணே பிறந்தார். தந்தையார் ஓர் ஆசிரியர். குடும்பத்தில் வறுமை நிலவியது. சில காலம் பிறர் உதவியைக் கொண்டே வாழ வேண்டியிருந்தது. ஆயினும் குணே கல்வியைக் கைவிடவில்லை. 1903ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் வடமொழிக்குரிய ஜகந்நாத் சங்கர்சேட் உதவித்தொகையைப் பெற்றார். அதன்பின் பரோடா கல்லூரியில் பயின்றார். அக்காலத்தில் அங்கு விரிவுரையாளராக விளங்கிய அரவிந்தரின் எண்ணங்களும், திலகரின் விடுதலை முழக்கமும் அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தன. வாழ்நாள் முழுவதும் மக்கள் பணிக்கே தம்மை ஒப்படைப்பது என்று மாணவப் பருவத்திலேயே உறுதி பூண்டார்.

உடற்பயிற்சிக் களம்

நாட்டுக்கு உழைப்பவருக்கு உடல்வலிமை இன்றியமையாதது என்று குணே கருதினார். 1907 முதல் 1910 வரை பரோடாவின் ஜும்மாதாதா உடற்பயிற்சிக் கூடத்தில் இராஜரத்தின மாணிக்கராவிடம் இந்திய உடற்பயிற்சி முறைகளைக் கற்றார். தசைகளை வலுப்படுத்தும் முறைகளையும், பலரை ஓரணியில் நிறுத்திப் பயிற்றுவிக்கும் முறையையும் அங்குத்தான் அறிந்துகொண்டார். பிற்காலத்தில் பள்ளி மாணவர்களுக்கு யோகத்தைக் கற்பிக்க முனைந்தபோது இப்பயிற்சி அவருக்குப் பெரிதும் துணைநின்றது.

அமல்நேர் ஆசிரியர்

மக்களிடையே சென்று பணியாற்றியபோது அறியாமையும் மூடநம்பிக்கையும் வேரூன்றியிருப்பதைக் குணே கண்டார். கல்வியே அதற்கு மருந்து என்று தெளிந்தார். அமல்நேரில் கான்தேசக் கல்விக் கழகம் உருவாகத் துணைநின்றார். 1916ஆம் ஆண்டு அங்கிருந்த தேசியக் கல்லூரியின் முதல்வரானார். நாட்டுப்பற்று மிகுந்திருந்த அக்கல்லூரியை ஆங்கில அரசு 1920ஆம் ஆண்டு மூடியது. தாம் வளர்த்த கல்லூரியின் கதவுகள் அடைபட்ட பின்னும் அவர் ஆசிரியப் பணியை விடவில்லை. 1923 வரை மாணவர்களுக்கு இந்தியப் பண்பாட்டைக் கற்பித்து வந்தார்.

மீண்டும் மாணவர்

அமல்நேரில் பணிபுரிந்த காலத்திலேயே அவர் வாழ்வில் பெருந்திருப்பம் ஒன்று நிகழ்ந்தது. நருமதை ஆற்றங்கரையில் மால்சர் என்னும் ஊரில் பரமஹம்ச மாதவதாசர் என்னும் முதிய யோகியார் வாழ்ந்து வந்தார். அவர் வங்காளத்திலிருந்து வந்து அங்குத் தங்கியவர். 1919ஆம் ஆண்டு குணே அவரை அடைந்து யோகம் பயின்றார்.

ஒரு கல்லூரியின் முதல்வர், பலராலும் ஆசான் என்று போற்றப்பட்டவர், தொடக்கநிலை மாணவரைப்போல் மூச்சை விடவும் நிறுத்தவும் கற்றுக்கொண்டார். உடற்பயிற்சிக் களத்தில் விரைவும் விசையும் முதன்மை பெற்றன. யோகப் பயிற்சியிலோ அசைவின்மையும் பொறுமையும் வேண்டப்பட்டன. முன்னர்க் கற்றதை இகழாமலும் புதியதைக் கண்டு தயங்காமலும் இரண்டின் இயல்பையும் அவர் உணர்ந்துகொண்டார். தசையின் வலிமை நலத்தின் ஒரு பகுதியே என்பதும், முதுகெலும்பு, நரம்புகள், சுரப்பிகள், மனம் ஆகிய அனைத்தும் சீராக இயங்குவதே முழு நலம் என்பதும் அவருக்கு விளங்கின.

கருவிகளின் முன் யோகம்

குணேயின் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. யோகப் பயிற்சியால் உடலில் உண்மையில் என்ன நிகழ்கிறது? ஒருபுறம் யோகத்தை வியத்தகு ஆற்றல்களின் களஞ்சியமாகப் பலர் போற்றினர். மறுபுறம் புதிய கல்வி பெற்றோருள் பலர் அதனை மூடநம்பிக்கை என ஒதுக்கினர். போற்றுதலும் ஒதுக்குதலும் சோதித்தறியாமலே நிகழ்ந்தன. ஆகவே யோகத்தை ஆய்வுக்கு உட்படுத்த அவர் துணிந்தார். குருவிடம் பேரன்பு கொண்ட மாணவருக்கு இஃது எளிய செயலன்று. கருவி காட்டும் முடிவு, தாம் போற்றிய மரபுக்கு மாறாகவும் அமையக்கூடும் அல்லவா?

1920–21ஆம் ஆண்டுகளில் பரோடா அரசு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் தம் மாணவர் சிலரின் துணையுடன் அவர் ஆய்வுகளைத் தொடங்கினார். மூச்சை முழுவதும் வெளியேற்றி வயிற்றை உள்ளிழுத்து உயர்த்துவது உட்டியாணம். அந்நிலையில் வயிற்றின் நடுத்தசைகளைத் திரட்டிச் சுழற்றுவது நௌலி. இவற்றின்போது உள்ளுறுப்புகளில் ஏற்படும் மாற்றங்களை எக்ஸ் கதிர்ப் படங்களின் வாயிலாக ஆராய்ந்தார்.

பின்னர் அழுத்தமானியைக் கொண்டு அளந்தபோது, நௌலியின்போது பெருங்குடலினுள் காற்றழுத்தம் குறைந்து ஒருவகை வெற்றிடம் உண்டாவது தெரியவந்தது. குடலைத் தூய்மை செய்யும் பழைய யோக முறையில் நீர் உள்ளே ஏறுவதன் காரணம் இதனால் விளங்கிற்று. தாம் கண்டறிந்த இவ்வெற்றிடத்துக்குத் தம் பெயரைச் சூட்டாமல், குருவின் பெயரால் மாதவதாச வெற்றிடம் என்று பெயரிட்டார்.

கைவல்யதாமம்

1924ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், மும்பைக்கும் புனேக்கும் இடையே மேற்குத்தொடர்ச்சி மலையில் அமைந்த லோனாவாலாவில் கைவல்யதாமம் என்னும் நிறுவனம் தோன்றியது. ஜகந்நாத் கணேஷ் குணே அதன்வழிச் சுவாமி குவலயானந்தர் என்னும் பெயரில் உலகுக்கு அறிமுகமானார். அதே ஆண்டு யோக மீமாம்சா என்னும் காலாண்டிதழையும் அவர் தொடங்கினார். ஆசனங்களைச் செய்யும் முறைகளும் ஆய்வு முடிவுகளும் படங்களோடும் அளவுகளோடும் அதில் வெளிவந்தன. சர்வாங்காசனம் போன்ற ஆசனங்களின்போது குருதி அழுத்தம் எவ்வாறு மாறுகிறது என்பதும் அளந்து எழுதப்பட்டது.

பிராணாயாமத்தின் பயன் மிகுதியான ஆக்சிஜனைப் பெறுவதே என்று அக்காலத்தில் பலர் கூறிவந்தனர். மூச்சுக் காற்றைப் பகுத்து ஆராய்ந்தபோது அக்கூற்றுக்கு முடிவுகள் துணைநிற்கவில்லை. குவலயானந்தர் அதனை மறைக்கவில்லை; பிராணாயாமத்தின் பயனை வேறு இடத்தில் தேட வேண்டும் என்று உணர்த்தினார். யோகத்தின்பால் கொண்ட பற்று, உண்மையை வளைக்க அவரைத் தூண்டவில்லை.

அனைவருக்கும் யோகம்

காட்டிலும் குகையிலும் வாழும் துறவியருக்கே யோகம் உரியது என்னும் கருத்தைக் குவலயானந்தர் மாற்றினார். நேரமும் உடல்நலமும் உடையோருக்கு முழுப் பயிற்சியையும், பணிச்சுமை மிகுந்தோருக்குச் சுருக்கப் பயிற்சியையும் வகுத்தார். ஆசனத்தை வலிந்து செய்தலாகாது. உடல் இசையும் அளவே செய்தல் வேண்டும் என்பது அவர் பயிற்றிய நெறி. இதனால் நடுத்தர வயதினரும் அச்சமின்றி யோகம் பயில வழி பிறந்தது. பள்ளி மாணவர் பலர் ஒருங்கே செய்வதற்கு ஏற்ற கூட்டுப் பயிற்சிகளையும் உருவாக்கினார்.

1927ஆம் ஆண்டு காந்தியடிகள் உயர் குருதி அழுத்தத்தால் நோயுற்றார். அப்போது அவருக்கு வயது 57. தம் உடல்நிலை குறித்துக் குவலயானந்தருக்குக் கடிதங்கள் எழுதி அவரது கருத்தைக் கேட்டறிந்தார். 1930களில் மும்பைக் கடற்கரைச் சாலையில் கைவல்யதாமத்தின் யோக நலநிலையம் அமைந்தது. நகர மக்கள் அங்குச் சென்று பயிற்சி பெற்றனர். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளுக்குள் லோனாவாலாவில் யோக ஆசிரியர்களை உருவாக்கும் கல்லூரி ஒன்றும் எழுந்தது. அமல்நேரில் ஒரு கல்லூரியை இழந்தவர், யோகத்துக்கென ஒரு கல்லூரியைத் தந்தார்.

நிறைவு

1966ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், தம் 82ஆம் வயதில் குவலயானந்தர் மறைந்தார். கைவல்யதாமம் இன்றும் லோனாவாலாவில் இயங்கி வருகிறது. யோக மீமாம்சாவும் வெளிவந்துகொண்டிருக்கிறது. இன்று மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் யோகம் பற்றி நடைபெறும் ஆய்வுகளுக்கு அவர் இட்ட அடித்தளம் முதன்மையானது. கற்கும் விருப்பமும் கற்றதைச் சோதிக்கும் துணிவும் உடையவருக்கு எந்த வயதும் தொடக்க வயதே என்பதை அவரது வாழ்வு உணர்த்துகிறது.

சொல்லும் பொருளும்

குவலயம் – உலகம்
இன்றியமையாதது – இல்லாமல் முடியாதது
களஞ்சியம் – சேமிப்பிடம்
வாயிலாக – வழியாக
குருதி – இரத்தம்
வலிந்து – வற்புறுத்தி

பயிற்சி

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. குவலயானந்தரின் இயற்பெயர் ____________.
2. மாதவதாசர் ____________ ஆற்றங்கரையில் வாழ்ந்தார்.
3. குவலயானந்தர் தொடங்கிய காலாண்டிதழ் ____________.

ஆ. பிரித்து எழுதுக.
1. பெருங்குடல்  2. வெற்றிடம்  3. அடித்தளம்

இ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. அமல்நேர் தேசியக் கல்லூரி ஏன் மூடப்பட்டது?
2. உட்டியாணம், நௌலி – வேறுபடுத்துக.
3. தாம் கண்டறிந்த வெற்றிடத்துக்குக் குவலயானந்தர் யார் பெயரைச் சூட்டினார்?

ஈ. விரிவாக விடை தருக.
1. யோகத்தை ஆய்வுக்கு உட்படுத்தியது எளிய செயலன்று என்று கூறக் காரணம் யாது?
2. பிராணாயாமம் பற்றிய ஆய்வு முடிவை வெளியிட்டதில் புலப்படும் குவலயானந்தரின் பண்பை விளக்குக.

உ. செயல்பாடு
நடுத்தர வயதில் புதிய கலை அல்லது பயிற்சி ஒன்றைக் கற்றுவரும் உறவினர் ஒருவரிடம் உரையாடி, அவரது பட்டறிவைப் பத்துத் தொடர்களில் எழுதுக.