கணக்குக் கேட்ட ஜி. சுப்பிரமணிய ஐயர்

பெங்களூர் ஜோகுபாளையத்தில் வசிக்கும் நம் அங்கத்தினர்களுக்கு ஐ.டி.ஐ.யும் எச்.ஏ.எல்.லும் பழகிய பெயர்கள். 1980 டிசம்பரில் இவ்விரண்டிலும் பி.இ.எல்., எச்.எம்.டி., பி.இ.எம்.எல். ஆலைகளிலும் ஊதிய ஒப்பந்தம் குறித்துத் தொடங்கிய வேலைநிறுத்தம் 77 நாட்கள் நீடித்ததை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பொதுப் பணத்திலிருந்து யாருக்கு எவ்வளவு சம்பளம், அதைத் தீர்மானிப்பவர் யார் என்ற கேள்வியை அதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே எழுப்பியவர்களில் ஒருவர் ஜி. சுப்பிரமணிய ஐயர்.

1855 ஜனவரி 19 அன்று தஞ்சை ஜில்லா திருவையாற்றில் கணபதி தீட்சிதரின் புதல்வராகப் பிறந்தார். சென்னையில் ஆசிரியராக இருந்தவர், 1878 செப்டம்பர் 20 அன்று நண்பர்கள் ஐவருடன் 'தி ஹிந்து'வைத் தொடங்கினார். கையிருப்பு, கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய். அச்சிட்டது 80 பிரதிகள். 1882-இல் சுதேசமித்திரனைத் தொடங்கினார்.

1885 டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் இவரே. இந்திய நிர்வாகத்தை விசாரிக்க ராயல் கமிஷன் வேண்டும் என்பது அத்தீர்மானம். அந்நாளில், புதிய வரி விதிக்கும் ஆண்டு தவிர, சட்டசபையில் பட்ஜெட்டைப் பற்றிப் பேசவே இடமில்லை. 1892-க்குப் பின் பேச அனுமதி கிடைத்தது; வாக்களிக்கும் உரிமை கிடைக்கவில்லை. 1893-இல் ரூபாயின் மதிப்பு சரிந்தபோது, ஐரோப்பிய அதிகாரிகளுக்கு மட்டும் ஈட்டுப்படி வழங்கப்பட்டது. வரி கட்டிய குடியானவரை யாரும் கேட்கவில்லை. காங்கிரஸ் இதைக் கண்டித்தது.

1895-இல் இந்தியச் செலவினங்களை ஆராய வெல்பி கமிஷன் அமைந்தது. 1897-இல் கோகலே, வாச்சா, சுரேந்திரநாத் பானர்ஜி ஆகியோருடன் ஐயரும் லண்டன் சென்று சாட்சியம் அளித்தார். இராணுவச் செலவும் ஐரோப்பியரின் உயர் சம்பளங்களும் பென்ஷன்களும் இந்தியத் தரப்பின் முக்கியக் குறைகள். 1900-இல் வந்த பெரும்பான்மை அறிக்கை தந்த நிவாரணம் சொற்பமே. தாதாபாய் நௌரோஜி உள்ளிட்ட மூவர் தனி அறிக்கை எழுதினர்.

ஐயர் சோர்ந்துவிடவில்லை. 1898-இல் ஹிந்துவிலிருந்து விலகி, மறு ஆண்டே சுதேசமித்திரனை நாளிதழாக்கினார். வரியும் செலவும் தமிழ் படிக்கும் சாமானியருக்கும் புரிய வேண்டும் என்பது அவர் எண்ணம். 1904-இல் பாரதியாரை உதவியாசிரியராகச் சேர்த்துக்கொண்டார்.

தம் வீட்டிலும் அவர் அப்படியே. 1889-இல், விதவையான தம் பெண்ணுக்கு மறுமணம் செய்துவைத்தார். அதற்காக உற்றார் உறவினரே அவரை ஒதுக்கினர். 1908-இல் ராஜத்துரோக வழக்கில் கைதானார். நோயுற்றுத் தளர்ந்து, 1916 ஏப்ரல் 18 அன்று காலமானார்.

இன்று மத்திய அரசு அலுவலகத்திலோ பொதுத்துறை நிறுவனத்திலோ செலவுக் கணக்கைக் கேட்க, 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணமும் ஒரு விண்ணப்பமும் போதும். ஐயர் காலத்தில் அதற்குக் கப்பலேற வேண்டியிருந்தது. நம் இளைஞர்கள் இந்த உரிமையைப் பயன்படுத்துவதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.