வளைந்த விரல்களால் பார்வை தந்த டாக்டர்

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ்ஸில் போகும்போது நூம்பல் பக்கம் அரவிந்த் கண் மருத்துவமனையைப் பார்த்திருப்பீர்கள். அது இங்கே வந்தது 2017-ல்தான். அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

எட்டயபுரம் அருகே வடமலாபுரம் கிராமத்தில் 1.10.1918-ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். உறவுப் பெண்கள் மூன்று பேர் பிள்ளைப்பேற்றில் இறந்துபோனதால், பிரசவ டாக்டராக வேண்டும் என்று சின்ன வயதிலேயே முடிவு செய்தார். நம்ம சென்னை ஸ்டான்லியில் படித்து 1944-ல் டாக்டரானார். ராணுவத்தில் வேலை பார்த்தபோது முடக்குவாதம் வந்து மூட்டெல்லாம் வீங்கி, விரல்கள் கோணிக்கொண்டன. பேனா பிடிக்கவே கஷ்டம். பிரசவ டாக்டர் ஆசை போச்சு! வேறொருவராக இருந்தால் வீட்டோடு உட்கார்ந்திருப்பார். இவரோ கண் மருத்துவம் படித்து, தன் விரலுக்கு ஏற்றமாதிரி கருவிகள் செய்துகொண்டு, ஒரு லட்சத்துக்கும் மேல் ஆபரேஷன் செய்தார்.

அந்தக் காலத்தில் கண்புரையை எடுக்கக் கருவிழி ஓரமாக நீளமாய்க் கிழித்துத் தையல் போடுவார்கள். தையல் இறுகினால் கருவிழியின் வடிவமே கோணிவிடும், பார்வை கலங்கலாகும். கண்ணுக்குள் வரும் ஒளியை வளைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு வேலை கருவிழியின் வளைவு செய்வதுதான். இன்று கண்ணுக்குள் லென்ஸ் வைக்கும் முன்பும் அந்த வளைவை அளக்கிறார்கள். அந்த லென்ஸ் வெளிநாட்டிலிருந்து வந்து விலை அதிகமாக இருந்ததால், 1992-ல் மதுரையிலேயே அரோலேப் ஆரம்பித்துக் குறைந்த விலையில் செய்தார்கள்.

லேசர் சிகிச்சைக்கும் இதே வளைவுதான் முக்கியம். கிட்டப்பார்வைக்கு லேசரால் கருவிழியின் நடுவைக் கொஞ்சம் சீவித் தட்டையாக்குவார்கள். (அந்த லேசர் திசுவைச் சுத்தமாகச் செதுக்கும் என்று 1981-ல் அமெரிக்காவில் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் சென்னைக்காரர் ரங்கசாமி சீனிவாசன்!) கருவிழியின் கனமே சுமார் அரை மில்லிமீட்டர். அது கூம்பு மாதிரி பிதுங்கியிருந்தால் சீவச்சீவ இன்னும் பிதுங்கும். என் அக்கா கல்யாணத்துக்கு முன்னாடி கண்ணாடியைக் கழற்றணும்னு ஆசையாகப் போனாள். கருவிழியைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், கூம்பு வடிவம் தெரியுது, லேசர் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்னைக்கு ராத்திரி அவள் சாப்பிடவே இல்லை. கண்ணைக் கசக்கினால் இது அதிகமாகுமாம். இப்போ நான் கசக்கினாலும் அம்மா கையில் ஒரு போடு போடுகிறார்.

சரி, டாக்டருக்கு வருவோம். 1976-ல் 58 வயதில் அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் மதுரையில் 11 படுக்கையோடு ஆஸ்பத்திரி தொடங்கினார். பணம் போதாமல் வீட்டை அடகு வைத்தார். தங்கை நாச்சியார், அவர் கணவர் நம்பெருமாள்சாமி இருவரும் கண் டாக்டர்கள், கூடவே உழைத்தார்கள். வசதியுள்ளவர்கள் கட்டும் பணத்தில் ஏழைகளுக்கு இலவசமாக ஆபரேஷன் நடந்தது. கல்யாணமே செய்துகொள்ளாத டாக்டர், 7.7.2006-ல் மதுரையில் காலமானார்.