டோர்னக்கல் பிஷப் அசரியா

திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874-ம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தில் செயலாளர், நல்ல பெயர், நல்ல பதவி. அதை உதறிவிட்டு 1909-ல் நிஜாம் சமஸ்தானத்து டோர்னக்கலுக்குப் போனார். அந்நிய ஊர், அந்நிய பாஷை. தெலுங்கைச் சிரமப்பட்டுக் கற்றார்.

1912 டிசம்பர் 29-ல் கல்கத்தாவில் பிஷப் ஆனார். ஆங்கிலிகன் சபையில் அப்பதவி பெற்ற முதல் இந்தியர் அவரே. இந்தியருக்கு அப்பொறுப்பு தாங்குமா என்று வெள்ளைக்காரப் பாதிரிமார் சிலர் முணுமுணுத்தனர். அவரோ பொறுப்பைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. ஞானஸ்நானம் பெறுகிறவர், எழுத்தறியாத கூலிக்காரரே ஆனாலும், தலையில் கைவைத்து, சுவிசேஷம் சொல்வது தம் கடமை என்று உறுதி கூறவேண்டும். மாலா, மாதிகா சேரிகளிலிருந்து வந்தவர்கள் உபதேசிமாரானார்கள், குருமாருமானார்கள்.

1945 ஜனவரி 1-ல் டோர்னக்கலிலேயே காலமானார்.