தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் – இசையைப் பொதுவுடைமையாக்கிய ஆசிரியர்

திருவரங்கத்தையும் உறையூரையும் இடையில் ஓடும் காவிரி பிரிக்கிறது. உறையூரில் பாணர் குலத்தில் வளர்ந்த திருப்பாணாழ்வார், தென்கரையில் யாழேந்தி நின்று அக்கரை அரங்கனைப் பாடினார் என்றும், திருவரங்கத்து மண்ணில் கால்வைக்க அவர் துணியவில்லை என்றும் வைணவ நூல்கள் கூறும். பின்னர் உலோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து சென்ற வரலாற்றை நம் பகுதிச் சிறுவரும் அறிவர். அவர் பாடிய பத்துப் பாசுரங்கள் இன்றும் ஓதப்படுகின்றன. ஆனால் அந்தப் பாணர் தம் யாழில் எழுப்பிய இசை எத்தகையது என்பதைச் சொல்லுவார் எவரும் இலர். சொல் ஏட்டில் ஏறியது, நிலைத்தது. இசை ஏறவில்லை, மறைந்தது.

இவ்வாறு மறைந்த தமிழிசையைத் தேடுவதையும், தேடிக் கண்டதை யாவரும் கற்கும்படி எழுதிவைப்பதையும் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட பெரியார் ஒருவர், நம் ஊருக்குக் கிழக்கே தஞ்சை மாநகரில் வாழ்ந்தார். அவரே ஆபிரகாம் பண்டிதர்.

அவர் தென்காசியை அடுத்த சாம்பவர் வடகரையில் 1859ஆம் ஆண்டு ஆகஸ்டு 2ஆம் நாள், கிறித்தவ நாடார் குடும்பம் ஒன்றில் பிறந்தார். அக்காலத்தில் அக்குலத்தாருக்குப் பெரிய கோயில்களின் வாயில்கள் அடைபட்டிருந்தன. இசை மரபு என்று போற்றப்பட்டது எதுவும் அவருக்குப் பிறப்பால் வந்த சொத்து அன்று. திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெற்றார்; அங்கேயே வயலினும் கற்றார். மேனாட்டு இசையின் எழுத்து முறையையும் பின்னர் பயின்றார். 1883இல் தஞ்சைக்கு வந்து, தம் மனைவியார் ஞானவடிவு பொன்னம்மாள் தலைமையாசிரியராக விளங்கிய பெண்கள் பள்ளியிலேயே தமிழாசிரியராகப் பணியாற்றினார். மனைவியின் தலைமையில் கணவன் பணிபுரிவதை இழுக்கென்று கருதிய காலம் அது. அவர் அவ்வாறு கருதவில்லை.

1890இல் பள்ளிப் பணியை விட்டுச் சித்த மருத்துவத்தில் முழுமையாக ஈடுபட்டார். சுருளி மலையில் கருணானந்தர் என்னும் பெரியவரிடம் பெற்ற மருத்துவ அறிவைக் கொண்டு அவர் செய்த மருந்துகள் கடல் கடந்தும் விற்பனையாயின. 1909இல் அரசினர் அவருக்கு ராவ் சாகிப் பட்டம் வழங்கினர். மருத்துவத்தால் ஈட்டிய பொருளை அவர் எதில் செலவிட்டார் என்பதே நாம் கருத்தில் கொள்ள வேண்டுவது.

அந்நாளில் இசை கற்பது எளிதன்று. குருவின் வீட்டில் ஆண்டுக்கணக்காகத் தங்கிப் பணிவிடை செய்து, அவர் மனமிரங்கிச் சொல்லுவதைச் செவியால் வாங்க வேண்டும். அந்த வீட்டுத் திண்ணையிலேனும் அமரும் உரிமை எல்லாக் குலத்தாருக்கும் இருந்ததா என்பதை நம் முன்னோர் நன்கு அறிவர். உள்ளே நுழைந்தவனும் முதற்பாடமாகிய கீதங்களைப் பொருள் விளங்காத பிறமொழிச் சொற்களிலேயே மனப்பாடம் செய்தான்.

பள்ளியாசிரியராக இருந்த பண்டிதருக்கு இதில் உள்ள குறை விளங்கிற்று. எழுத்தறியாத குழந்தைக்குக் காப்பியத்தைக் கொடுப்பார் உண்டோ? ஆகவே முதலில் ஸ்வர வரிசை, பின்னர் கீதம், அதன்பின் ஸ்வரஜதி, கீர்த்தனம் என்று ஏறுமுகமாகச் செல்லும் படிகளில் தாமே தமிழில் தொண்ணூறுக்கு மேற்பட்ட பாடல்களை இயற்றி, ஸ்வரக் குறிப்புகளுடன் 1907இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்னும் நூலாக வெளியிட்டார். தொடக்க மாணவன் தாய்மொழியில் பொருளுணர்ந்து பாடுவதற்காக எழுந்த நூல் அது.

1912இல் தஞ்சையில் சங்கீத வித்தியா மகாஜன சங்கத்தை நிறுவினார். நாடெங்குமிருந்து வித்துவான்களை வரவழைத்து, உணவும் தங்குமிடமும் அளித்து, மாநாடுகள் பல நடத்தினார். செலவு பெரும்பாலும் அவருடையது. ஒவ்வொருவர் வீட்டிலும் மூடிக்கிடந்த இசைக் கருத்துகளைப் பலர் முன்னிலையில் எடுத்துவைத்து ஆராயச் செய்ததே அம்மாநாடுகளின் பெரும்பயன்.

ஸ்தாயியில் சுருதிகள் இருபத்திரண்டு என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்த கருத்து. பண்டிதர் அதை அப்படியே ஏற்கவில்லை. தந்தியின் நீளத்தை அளந்தார், கணக்கிட்டார், சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் துருவிப் படித்தார். ஸட்ஜத்திலிருந்து பஞ்சமம், அப்பஞ்சமத்தையே ஸட்ஜமாகக் கொண்டு அதன் பஞ்சமம் என்று பன்னிரண்டு முறை சென்றால், பன்னிரண்டு ஸ்வரங்களும் கிடைத்துப் புறப்பட்ட ஸ்வரத்திற்கே மீளலாம் என்றும், பழந்தமிழர் ஸ்தாயியை இருபத்து நான்கு சம அலகுகளாகப் பகுத்தனர் என்றும் முடிவு கண்டார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில் இதனை எடுத்துரைத்தபோது, தம் குடும்பத்துப் பெண்களையே வீணையுடன் மேடையேற்றி மெய்ப்பித்துக் காட்டினார். அவர் முடிபை அறிஞர் அனைவரும் ஏற்றனர் அல்லர். ஆயினும், குரு சொன்னார் என்பதற்காக மட்டும் ஒன்றை நம்ப வேண்டா. அளந்து பார்த்து ஏற்கலாம், மறுக்கலாம் என்னும் உரிமையை அவர் மாணவர்க்கு அளித்தார்.

இந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி, 1,300 பக்கங்களுக்கு மேற்பட்ட 'கருணாமிர்த சாகரம்' என்னும் பெருநூலைத் தம் சொந்த அச்சகத்தில் அச்சிட்டு 1917இல் வெளியிட்டார். இரண்டாண்டுகள் கழித்து, 1919 ஆகஸ்டு 31இல் மறைந்தார். எஞ்சிய ஆராய்ச்சியை அவர் மகளார் மரகதவல்லி துரைப்பாண்டியன் 1946இல் இரண்டாம் பகுதியாக வெளிக்கொணர்ந்தார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோது, அவ்வியக்கத்தார்க்குக் கையில் எடுக்கக் கிடைத்த வலிய கருவிகளுள் ஒன்றாகப் பண்டிதரின் நூல் விளங்கிற்று.

இளைஞர்களே! நம் தெருக்களில் பறையடிக்கும் முதியவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கைகளில் எத்தனை அடிகள், எத்தனை நடைகள் உள்ளன! மணத்திற்கு ஒன்று, திருவிழாவிற்கு ஒன்று, சாவிற்கு ஒன்று. அவற்றை இழிவென்று ஒதுக்கியவர் பிறர். அவற்றைக் கற்க நாணி விலகியவர் நம்முள்ளும் சிலர். அம்முதியவர் மறையும்போது அந்த அடிகளும் உடன் மறைகின்றன. உறையூர்ப் பாணரின் யாழிசைக்கு நேர்ந்தது நம் கண்ணெதிரே மீண்டும் நேர்கிறது.

பிறப்பால் தமக்கு வாராத கலையைப் பண்டிதர் கற்று, அளந்து, எழுதி, அடுத்தவர்க்குக் கொடுத்தார். நமக்கோ கலை வீட்டிலேயே இருக்கிறது. கல்வியும் இப்போது கைவந்திருக்கிறது. ஒரு குறிப்பேட்டுடன் அந்த முதியவர் அருகில் சென்று அமர்ந்து, முதல் அடி எது, அடுத்தது எது என்று கேட்டு எழுதத் தொடங்குவோமாக.