தேவன் தந்த சகாயம்

ஒரகடம் தொழிற்சாலைகளில் வேலைக்கென்று குமரிச் சீமையிலிருந்து வந்து நம்மிடையே குடியேறியவர்களுக்கு மறைசாட்சி தேவசகாயத்தைப் பற்றி நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகவே எழுதுகிறேன்.

1712-இல் நட்டாலத்தில் நாயர் குடும்பத்தில் பிறந்தவர் நீலகண்டன். மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல். குறைவின்றி இருந்த வீட்டில் கால்நடைகள் மடிந்தன, பொருள் கரைந்தது, மனம் ஒடிந்தது. அந்நேரம் குளச்சல் போரில் 1741-இல் பிடிபட்டு, பின் அதே மன்னரின் படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய், அவருக்கு யோபுவின் வரலாற்றைச் சொன்னார். துன்பம் இறைவனின் வெறுப்புக்கு அடையாளமல்ல என்று அறிந்ததே அவருக்கு மருந்தாயிற்று.

1745 மே 14-இல் வடக்கன்குளத்தில் சேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் ஞானஸ்நானம் பெற்றார். இட்ட பெயர் லாசர், தமிழில் தேவசகாயம். கடவுளே உதவினார் என்பது அதன் பொருள். குலமோ, பதவியோ, செல்வமோ அங்கே விலையாகக் கேட்கப்படவில்லை. தமக்கு இலவசமாய்க் கிடைத்ததை இன்னாருக்கு உண்டு, இன்னாருக்கு இல்லை என்று பிரிக்க அவருக்கு மனம் வரவில்லை. தாழ்த்தப்பட்டோருடன் சரிசமமாய்ப் பழகினார். மதம் மாறியதைவிட இதுவே பலரை உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

1749-இல் சிறைப்பட்டார். எருமை மேலேற்றி ஊர் ஊராய்க் கொண்டுபோனார்கள். அடித்த புண்ணில் மிளகாய்த்தூள் தேய்த்தார்கள். 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்னும் பட்டம் விடப்பட்டிருந்தது. ஞானஸ்நானத்தில் பெற்ற பெயர் மட்டுமே வாசிக்கப்பட்டது.