தொலைந்த பெண்களைத் தேடிய தாய்

சிரியா நாட்டில் அலெப்போ என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. 1922-ம் ஆண்டில் அங்கே ஒரு விடுதி திறக்கப்பட்டது. அந்த விடுதியின் கதவை இரவு பகல் என்று பாராமல் யாராவது வந்து தட்டுவார்கள்.

வருகிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். சிலர் குமரிகள். சிலர் சிறுமிகள். காலில் செருப்பு இராது. முகத்திலே, உதட்டுக்குக் கீழே, மோவாயிலே நீல நிறத்தில் பச்சை குத்தி இருக்கும். பேசுவது அரபு மொழி அல்லது குர்து மொழி. ஆனால் அவர்கள் அரபுகளும் அல்ல, குர்துகளும் அல்ல. ஆர்மீனியப் பெண்கள்!

கதவைத் திறந்து அவர்களை உள்ளே அழைத்துப் போகிறவரும் அந்த நாட்டுப் பெண் அல்ல. எங்கேயோ வடக்கே, பனி கொட்டும் டென்மார்க் நாட்டில் பிறந்தவர். அவர் பெயர் கேரன் யெப்பே.

டென்மார்க் பெண்ணுக்குப் பாலைவனத்தில் என்ன வேலை? ஆர்மீனியப் பெண்கள் அரபுக் கூடாரங்களுக்குப் போனது எப்படி? அது பெரிய சோகக் கதை.

ஒரு சொற்பொழிவு

1876-ம் ஆண்டு ஜூலை 1-ந்தேதி, டென்மார்க்கில் ஜில்லிங் என்ற சிற்றூரில் கேரன் பிறந்தார். தகப்பனார் பள்ளிக்கூட உபாத்தியாயர். மகளும் படித்து, தலைநகரான கோபன்ஹேகனை அடுத்த ஆர்ட்ரப் என்ற ஊரில் ஆசிரியை ஆனார். நல்ல வேலை. அமைதியான ஊர். அப்படியே இருந்திருந்தால் கேரன் யார் என்று உலகத்துக்குத் தெரிந்திராது.

1902-ம் ஆண்டில் அவர் ஒரு சொற்பொழிவைக் கேட்டார். பேசியவர் பெனடிக்ட்சன் என்ற மொழி அறிஞர். பல நாடுகளைச் சுற்றியவர். துருக்கிப் பேரரசில் வாழ்ந்த ஆர்மீனியர்கள் படும் பாட்டை அவர் விவரித்தார்.

ஆர்மீனியர்கள் கிறிஸ்தவர்கள். மிகப் பழைய இனம். துருக்கி சுல்தானின் ஆட்சியில் 1895-ம் ஆண்டிலும் அதை ஒட்டியும் அவர்கள் ஊர் ஊராகக் கொல்லப்பட்டார்கள். உர்பா என்ற நகரில், உயிருக்கு அஞ்சி மாதாகோவிலுக்குள் புகுந்தவர்களைக் கோவிலோடு வைத்துக் கொளுத்தினார்கள். அங்கே மட்டும் சுமார் 3 ஆயிரம் பேர் கருகி மாண்டார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். லெப்சியஸ் என்ற ஜெர்மன் பாதிரியார் அந்த ஊரில் ஓர் அநாதை விடுதி அமைத்திருந்தார். அதற்கு ஆசிரியை தேவைப்பட்டது.

கேரன் போகத் தீர்மானித்துவிட்டார். 1903-ம் ஆண்டு, 27 வயதில், உர்பாவுக்கு வந்து சேர்ந்தார். அவர் திருமணம் செய்துகொள்ளவே இல்லை.

எழுத்து சொன்ன அம்மா

ஒரு தாய்மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க அயல்நாட்டுக்காரி வந்தால் ஊரார் சிரிக்கத்தான் செய்வார்கள். கேரன் முதலில் தானே மாணவி ஆனார். ஆர்மீனிய மொழியைப் படித்தார். துருக்கி மொழி, அரபு மொழியையும் கற்றுக்கொண்டார்.

ஆர்மீனிய மொழிக்கு 38 எழுத்துக்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெயர் உண்டு. பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதிலேயே பிள்ளைகளின் காலம் போய்க்கொண்டிருந்தது. கேரன் அதை மாற்றினார். எழுத்தின் பெயர் வேண்டாம், அதன் ஒலியைச் சொல், ஒலிகளைக் கூட்டினால் வார்த்தை வரும் என்று கற்றுக்கொடுத்தார். ஒப்பித்து ஒப்பித்து ஓய்ந்த பிள்ளைகள் இப்போது எழுத்துக் கூட்டிப் படித்தார்கள். கல்வி கற்கத் தாமதமாகத் தொடங்கியவர்களுக்கு இந்த முறையின் அருமை நன்றாகத் தெரியும்.

பெண் பிள்ளைகளுக்கும் படிப்பு உண்டு. படிப்போடு கைத்தொழிலும் உண்டு. அநாதைப் பிள்ளை என்றைக்கும் பிறர் சோற்றுக்குக் காத்திருக்கக்கூடாது என்பதில் கேரன் கண்டிப்பாக இருந்தார்.

விடுதிப் பிள்ளைகளில் மீசாக் என்ற பையனையும், லூசியா என்ற பெண்ணையும் அவர் தன் சொந்தப் பிள்ளைகளாகவே எடுத்து வளர்த்தார். பின்னாளில் அந்த இருவரும் கணவன் மனைவி ஆனார்கள்.

பன்னிரண்டு ஆண்டுகள் இப்படிப் போயின.

1915

முதல் உலகப் போர் மூண்டது. போரைச் சாக்காக வைத்து, துருக்கி சர்க்கார் ஆர்மீனிய இனத்தையே தேசத்தை விட்டுத் துரத்தத் தொடங்கியது. ஆண்களைத் தனியே பிரித்துக் கொன்றார்கள். பெண்டு பிள்ளைகளைக் கால்நடையாகச் சிரியப் பாலைவனத்துக்கு ஓட்டினார்கள். வழியில் பசி, தாகம், கொள்ளை, கொலை. சுமார் 10 லட்சம் பேர் மாண்டிருப்பார்கள் என்பது சரித்திர ஆசிரியர் பலருடைய கணக்கு.

பாலைவனத்துக்குப் போகும் வழியில்தான் உர்பா இருந்தது. துரத்தப்பட்டவர்கள் கூட்டம் கூட்டமாக அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கேரன் அவர்களுக்கு ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார். கொடுத்து என்ன பயன்? அடுத்த நாள் அவர்களை மேலே ஓட்டிவிடுவார்கள்.

பிறகு உர்பாவின் ஆர்மீனியர்களுக்கே முறை வந்தது. அவர்கள் பணியவில்லை. செப்டம்பர் கடைசியில் தங்கள் தெருக்களை அடைத்துக்கொண்டு எதிர்த்து நின்றார்கள். மூன்று வாரத்துக்கு மேல் போர் நடந்தது. பீரங்கிக் குண்டுகள் அந்தத் தெருக்களைத் தரைமட்டம் ஆக்கின.

அந்த நாட்களில் கேரனின் வீடு ஒரு ரகசியக் கோட்டை ஆயிற்று. நிலவறையிலே ஆட்கள். தரைக்கு அடியிலே ஆட்கள். மீசாக்கும் அப்படித்தான் ஒளிந்திருந்தார். பிடிபட்டால் ஒளிந்தவருக்கும் சாவு, ஒளித்தவருக்கும் ஆபத்து. சமயம் பார்த்து அவர்களுக்குக் குர்துகளைப் போலவும் அரபுகளைப் போலவும் உடை உடுத்தி, இருட்டிலே வெளியே அனுப்பிவைத்தார். உர்பா ஆஸ்பத்திரியில் பணி செய்த குன்ஸ்லர் என்ற சுவிஸ் நாட்டுக்காரரும் அவர் மனைவியும் கேரனைப் போலவே பல உயிர்களைக் காத்தார்கள்.

மூன்று ஆண்டு காலம் இந்தப் பயத்திலேயே வாழ்ந்த கேரனின் உடம்பு கெட்டது. மனமும் தளர்ந்தது. 1918-ம் ஆண்டில் அவர் டென்மார்க்குக்குத் திரும்பினார். இனி அவர் ஓய்வு எடுத்துக்கொள்வார் என்றுதான் உறவினர்கள் நினைத்திருப்பார்கள்.

மீண்டும் பாலைவனம்

1921-ம் ஆண்டில் கேரன் அலெப்போவில் வந்து இறங்கினார்! அப்போது அந்த நகரம் பிரெஞ்சுக்காரர்கள் வசம் இருந்தது. உயிர் தப்பிய ஆர்மீனிய அகதிகள் அங்கே ஆயிரக்கணக்கில் குவிந்திருந்தார்கள்.

ஆனால் கண்ணில் பட்ட அகதிகளைவிடக் கண்ணில் படாதவர்களைப் பற்றிய கவலைதான் கேரனுக்கு அதிகம். 1915-ம் ஆண்டில் நடக்க முடியாமல் வழியில் விழுந்த பெண்களும் குழந்தைகளும் எங்கே? பலரை வழிப்பறிக்காரர்கள் இழுத்துப் போனார்கள். பலரை விற்றார்கள். இரக்கப்பட்டு எடுத்து வளர்த்த அரபுக் குடும்பங்களும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. எப்படிப் போனாலும், அந்தக் குழந்தைகளின் பெயர் மாறியது. மதம் மாறியது. முகத்தில் பச்சை குத்தப்பட்டது. சிலர் வேலைக்காரிகள். சிலர் அடிமைகள். பலர் பருவம் வந்ததும் மனைவிகள் ஆக்கப்பட்டார்கள்.

அப்போது ஜெனிவா நகரில் சர்வதேச சங்கம் இருந்தது. இன்றைய ஐக்கிய நாடுகள் சபைக்கு முன்னோடி அது. டென்மார்க்கின் பிரதிநிதியாக அங்கே சென்ற ஹென்னி ஃபார்ச்சாமர் என்ற பெண்மணி, தொலைந்த பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் சபையில் வாதாடினார். சங்கம் ஒரு குழுவை நியமித்தது. கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் அந்த வேலையைப் பார்க்க எம்மா குஷ்மன் என்ற அமெரிக்க நர்ஸ். அலெப்போவில் பார்க்க, கேரன் யெப்பே.

பெரிய சங்கம்தான். கொடுத்த பணம் சிறிது. மீதியை ஐரோப்பிய நாடுகளில் இருந்த நண்பர்களிடம் கேட்டுக் கேட்டு வாங்கினார் கேரன்.

எப்படி மீட்டார்?

போலீசையோ பட்டாளத்தையோ அனுப்பி அந்தப் பெண்களை மீட்க முடியாது. கூடாரங்கள் இன்று ஓர் இடத்தில் இருக்கும், நாளை வேறு இடத்துக்குப் போய்விடும். ஆகவே கேரன் பாலைவனத்தின் ஓரத்து ஊர்களில் சிறு சிறு நிலையங்களை வைத்தார். நாட்டு வழி தெரிந்த ஆட்களை அமர்த்தினார். அவர்கள் கூடாரம் கூடாரமாகச் சென்று, ஆர்மீனியர்கள் உண்டா என்று காதும் காதும் வைத்தாற்போல் விசாரிப்பார்கள். அலெப்போவில் ஒரு வீடு இருக்கிறது, அங்கே உன் இனத்தார் இருக்கிறார்கள் என்ற செய்தியைச் சேர்ப்பார்கள். செய்தி கிடைத்த பெண்கள் சமயம் பார்த்துப் புறப்படுவார்கள். நாள் கணக்கில் நடந்து வந்தவர்களும் உண்டு.

வந்தவுடன் ஒரு பெரிய ரிஜிஸ்தரில் பதிவு நடக்கும். போட்டோ எடுத்து ஒட்டுவார்கள். பெயர் என்ன? தகப்பன் பெயர்? தாய் பெயர்? பிறந்த ஊர்? வயது? என்ன நடந்தது? எல்லாவற்றையும் எழுதுவார்கள். ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் தூக்கிச் செல்லப்பட்ட பெண்ணுக்குத் தகப்பன் பெயர் எப்படித் தெரியும்? சிலருக்குத் தங்கள் பெயரே பாதிதான் ஞாபகம் இருந்தது. அந்த ஞாபகத்தைப் பிடித்துக்கொண்டு உறவினரைத் தேட வேண்டும். அகதி முகாம்களில் விசாரிப்பார்கள். கடல் கடந்து போனவர்களுக்கும் தகவல் அனுப்புவார்கள். அண்ணனோ சித்தப்பாவோ கிடைத்துவிட்டால் அன்றைக்கு விடுதியில் திருவிழாதான்.

யாரும் கிடைக்காத பெண்கள்? அங்கேதான் கேரன் என்ற பழைய ஆசிரியை மறுபடியும் வெளிப்பட்டார். இந்தப் பெண்கள் தாய்மொழியை மறந்தவர்கள். ஆகவே முதலில் பேச்சு, பிறகு எழுத்து. இருபது வயதுப் பெண் பக்கத்தில் எட்டு வயதுச் சிறுமி உட்கார்ந்து எழுத்துக் கூட்டினாள். தையலும் பூவேலையும் கற்றுத்தரப்பட்டன. அவர்கள் ஊசியால் போட்ட பூவேலைத் துணிகள் டென்மார்க்கில் விலைக்குப் போயின. பாலைவனத்திலே கூலி இல்லாமல் ஆடு மேய்த்தவள், தன் கைக்காசைத் தானே எண்ணினாள்.

எல்லாக் கதையும் இன்பமாக முடியவில்லை. பல பெண்கள் கூடாரத்தில் பிள்ளை பெற்றவர்கள். தப்பி வந்தால் பிள்ளையை விட வேண்டும். பிள்ளையை நினைத்தால் தப்ப முடியாது. இதற்கு யார் தீர்ப்புச் சொல்ல முடியும்? வந்த பிறகும் மனம் கேட்காமல் திரும்பிப் போனவர்கள் இருந்தார்கள். வராமலே இருந்துவிட்டவர்கள் இன்னும் அதிகம். முகத்துப் பச்சையைப் பார்த்து முகம் சுளித்த சொந்த இனத்தாரும் உண்டு. அந்த நீலக் கோடுகளை எந்த மருந்தாலும் அழிக்க முடியவில்லை. அந்த முகத்தோடுதான் அவர்கள் வாழ வேண்டியிருந்தது.

அரபு நண்பர் தந்த நிலம்

கேரனை அரபுகளின் விரோதி என்று எண்ணினால் தவறு. அவருக்கு மிகவும் உதவியவர்களில் ஒருவர் ஹாஜிம் பாஷா என்ற அரபுத் தலைவர். அவர் தம்முடைய நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார். அங்கே தெல் சாமென் என்ற குடியிருப்பு உண்டானது. பிறகு தெல் ஆர்மென் முதலான வேறு சில குடியிருப்புகளும் தோன்றின. அகதிக் குடும்பங்கள் அங்கே உழுது பயிர் செய்தன. பக்கத்து அரபுகளுடன் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டன. மீசாக் இந்த வேலைகளில் வளர்ப்புத் தாய்க்கு வலக்கை போல இருந்தார்.

1927-ம் ஆண்டில் சர்வதேச சங்கம் தன் உதவியை நிறுத்திக்கொண்டது. கதவை அடைப்பதற்குக் கேரன் இசையவில்லை. டென்மார்க் நண்பர்களின் பணத்தைக் கொண்டு வேலையைத் தொடர்ந்து நடத்தினார். ரிஜிஸ்தரில் பெயர்கள் ஏறிக்கொண்டே போயின. 1,600-க்கும் மேற்பட்டோர் அந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். சிறுமிகள், பெண்கள், அவர்களோடு பையன்களும் உண்டு. தொலைந்தவர்களின் தொகையோடு பார்த்தால் இது கொஞ்சம்தான். அது கேரனுக்கும் தெரியும்.

கடைசி நாட்கள்

குடியிருப்புகளுக்கு நடுவே வெள்ளை அடித்த ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு, கேரன் அவ்வப்போது அங்கே போய்த் தங்குவது வழக்கம். கொசு நிறைந்த இடம். 1935-ம் ஆண்டு அவரை மலேரியாக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. அலெப்போவுக்குக் கொண்டுவந்தார்கள். ஜூலை 7-ந்தேதி உயிர் பிரிந்தது. 59 வயது பூர்த்தியாகி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. அலெப்போவிலேயே ஆர்மீனியரின் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தார்கள்.

1947-ம் ஆண்டில் அந்த நகரத்து ஆர்மீனியர்கள் உயர்தரப் பள்ளிக்கூடம் ஒன்றைத் திறந்தார்கள். அதற்குக் கேரன் யெப்பே என்று பெயர் சூட்டினார்கள். 2011-ம் ஆண்டில் தொடங்கிய சிரிய உள்நாட்டுப் போர் அந்த நகரத்தையும் பாழாக்கியது. அகதிகளின் பேரப்பிள்ளைகள் பலர் மறுபடியும் மூட்டை கட்டினார்கள்.

அலெப்போ விடுதியின் ரிஜிஸ்தர்கள் ஜெனிவாவில், சர்வதேச சங்கத்தின் பழைய காகிதங்களோடு பத்திரமாக இருக்கின்றன. பக்கத்துக்குப் பக்கம் போட்டோக்கள். பச்சை குத்திய முகங்கள் நேராகப் பார்க்கின்றன. படத்தின் அருகே, அந்தப் பெண் எந்தத் தேதியில் விடுதியை விட்டுப் போனாள், யாரிடம் போனாள் என்று எழுதியிருக்கிறது. ஒருத்தி அண்ணனிடம் போயிருக்கிறாள். ஒருத்தி அத்தையிடம். ஒருத்தி தன் சொந்த உழைப்பில் பிழைக்கப் போயிருக்கிறாள்.