ஆட்டுக்குப் பிறகு ஒரு பையன்

லூயி பாஸ்டர் என்றாலே எனக்குப் பால் பாக்கெட்தான் ஞாபகம் வரும். அவருடைய ஆட்டுக் கதையைப் படித்த பிறகுதான் மனிதரே தெரிந்தார்.

1881 மே மாதம், பிரான்சில் ஒரு பண்ணை. ஆந்த்ராக்ஸ் நோயால் ஆடுமாடுகள் செத்துக்கொண்டிருந்த காலம். 24 செம்மறி ஆடுகளுக்கு வீரியம் குறைத்த கிருமியைத் தடுப்பூசியாகப் போட்டார். இன்னொரு 24 ஆடுகளுக்குப் போடவில்லை. மாதக் கடைசியில் எல்லாவற்றுக்கும் கொடிய கிருமியை ஏற்றினார்கள். ஜூன் 2ஆம் தேதி பார்க்க ஒரே கூட்டம். ஊசி போட்ட ஆடுகள் நின்றன. மற்றவை பொழுது சாய்வதற்குள் செத்துப்போயின.

ஆனால் ஒரு நெருடல். அந்த மருந்து உதவியாளர் ஷாம்பெர்லான் ரசாயனம் கலந்து செய்தது. பாஸ்டர் அதை வெளியே சொல்லவே இல்லை. பிற்காலத்தில்தான் அது வெளியே வந்தது, அவருடைய குறிப்பேடுகளும் அதையே காட்டின. எனக்கு இது பிடிக்கலைங்க.

1885 ஜூலை 6. வெறிநாய் கடித்த 9 வயசுப் பையன் ஜோசப் மேய்ஸ்டரைத் தாய் கூட்டி வந்தார். பாஸ்டர் வேதியியல்காரர், டாக்டர் இல்லை. ஊசி போட அவருக்கு உரிமையே கிடையாது. கிராஞ்சே என்ற டாக்டர் போட்டார், மொத்தம் 13 ஊசி. நாய்களிடம் சோதித்த மருந்து. பையன் செத்திருந்தால் பழி யார் மேல்? பாஸ்டருக்குத் தூக்கமே இல்லையாம்.

பையன் பிழைத்தான். பெரியவனானதும் பாரிஸில் பாஸ்டர் ஆய்வுக்கூடத்திலேயே காவலாளி வேலைக்குச் சேர்ந்தான்.